முதல் அச்சு

கவிஞர் ஒருவரைப் பற்றி வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தால், அவருடைய முதல் கவிதை எந்தப் பத்திரிகையில், எந்த மாதம் வந்தது என்று தேடுவதில்தான் தொடங்குவேன். பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு எல்லாம் பிறகு வந்து சேரும். பாரதியின் கவிதைகளில் முதலில் அச்சேறியதாக நமக்குத் தெரிந்தது ‘தனிமை இரக்கம்’. மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘விவேகபாநு’வில், 1904 ஜூலையில். அடுத்த மாதமே மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்கிறார். நவம்பரோடு அந்த வேலை முடிகிறது. பிறகு சென்னை, சுதேசமித்திரன், ஜி. சுப்பிரமணிய ஐயரின் கீழ் உதவியாசிரியர் நாற்காலி. பத்திரிகையின் மாதத்தையும் பள்ளியில் சேர்ந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால், எட்டயபுரம் அரண்மனையை விட்டு வெளியே வந்து, நிலையான சம்பளம் எதுவும் இல்லாமல், வரப்போகிற மாதத்தை யோசித்துக்கொண்டிருக்கும் 21 வயது இளைஞர் ஒருவர் கண்ணுக்குத் தெரிகிறார். அந்த இளைஞரை நான் அறிந்துகொண்டது எந்தப் பாராட்டுரையிலிருந்தும் அல்ல.

பதிப்பகங்களுக்காகக் கவிஞர்களின் முழுத்தொகுப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பதும், அவற்றுக்கு முன்னால் போடும் வாழ்க்கைக் குறிப்பையும் பின்னால் போடும் பட்டியல்களையும் எழுதுவதும் என் தொழில். அச்சுக் கோக்கும் காலத்தில் மெய்ப்புத் திருத்துகிறவனாகத்தான் உள்ளே வந்தேன். ஈயத்தூள் படிந்த காலி புரூஃபை ஒரு கையிலும் மூலப்படியை மறுகையிலும் வைத்துக்கொண்டு, ஒருவர் வாய்விட்டு வாசிக்க இன்னொருவர் திருத்துவோம். அங்கே இருந்த மூத்த பதிப்பாசிரியர் ஒருவர்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தவர். கவிஞரைப் பற்றி யாராவது சுவையாக ஒரு சம்பவம் சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர் போன பிறகு என்னிடம் சொல்வார்: “தம்பி, அது நல்லா இருக்கு. எதுல வந்திருக்குன்னு பாரு.” அவர் பழக்கிக் கொடுத்த அட்டை முறையைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். ஒரு கவிதைக்கு ஓர் அட்டை. தலைப்பு, பத்திரிகை, மாதம், ஆண்டு, பக்கம், எந்தப் பெயரில் வந்தது, நூலாகும்போது எந்தச் சொல் மாறியது. இப்போது கணினியில் ஏற்றி வைத்திருந்தாலும் அட்டைகளை நான் தூக்கிப் போடவில்லை.

பெயருக்குத் தனியாக ஓர் அட்டைக்கட்டு வேண்டும். பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்றும் ‘காளிதாசன்’ என்றும் எழுதினார். ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ 1934இல் மணிக்கொடியில் வந்தபோது அதன் கீழே இருந்த பெயர் ‘பிக்ஷு’. வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று கவிதை எழுதியவர் புதுமைப்பித்தன். மயன் என்பவர் க.நா.சு., பசுவய்யா என்பவர் சுந்தர ராமசாமி. இந்தக் கட்டு கையில் இல்லாமல் பழைய பத்திரிகைகளைப் புரட்டினால், தேடுகிற ஆளே எதிரில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது.

தமிழில் இந்தக் குறிப்பெழுதும் வேலை புதிதல்ல. புறநானூற்றுப் பாட்டுக்குக் கீழே திணை, துறை, யாரை யார் பாடியது என்று எழுதி வைத்தார்களே, அவர்கள்தான் எனக்கு முன்னோர். பெயர் கிடைக்காதபோது அவர்கள் கதை கட்டவில்லை. பாட்டில் மின்னிய ஒரு தொடரையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் என்று பெயராக வைத்தார்கள். அதுவும் முடியாத பாட்டுகளைப் பெயரில்லாமலே விட்டார்கள். 2,381 சங்கப் பாட்டுகளில் 102க்கு ஆசிரியர் பெயர் இல்லை. அந்த நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை குவிகிறது. பெயர் தெரிந்தவர்களுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரையும் பிழைப்பையும் பெயரோடு சேர்த்தே எழுதினார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் வைத்தியம் பார்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன் வேலை செய்தவர். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அவர்களைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான். இதுவே போதுமான அளவுக்கு அவர்களை மனிதர்களாக நிறுத்திவிடுகிறது.

பிற்காலத்தில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. வீராசாமி செட்டியாரின் ‘விநோதரசமஞ்சரி’யைச் சிறுவயதில் நானும் ஆசையாகப் படித்தவன்தான். ஆனால் அதன் வழியாகத் தமிழர் மனத்தில் பதிந்த கம்பரும் ஒட்டக்கூத்தரும் காளமேகமும் எப்போதும் யாரையாவது மடக்கிக்கொண்டோ சாபம் கொடுத்துக்கொண்டோ இருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து எழுதுவதை நாம் பார்ப்பதே இல்லை. பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த ஔவையார்கள் ஒரே பாட்டியாகிவிட்டார்கள். 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடி நடித்த பிறகு அந்த ஒரே பாட்டியைப் பிரித்துக் காட்டுவது இன்னும் சிரமமாகிவிட்டது. இதற்கு மாறாக, இலங்கையில் சைமன் காசிச்செட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டார்க்’ என்று ஆங்கிலத்திலும், சதாசிவம் பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்று தமிழிலும் புலவர்களை அகரவரிசையில் திரட்டினார்கள். கதைகள் அவற்றிலும் உண்டு. ஆனாலும் ஒருவரைப் பற்றி ஓரிரு வரிதான் தெரியும் என்றால் ஓரிரு வரியோடு நிறுத்தும் துணிவு அங்கே திரும்பவும் தொடங்குகிறது.

எனக்கு ஆசான் யார் என்று கேட்டால் உ.வே. சாமிநாதையரைச் சொல்வேன். பதிப்பாசிரியராக அவரைப் போற்றுகிறவர்கள் அநேகம். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை அவர் எழுதிய விதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பிள்ளை இறந்தது 1876இல். சரித்திரம் இரண்டு பாகங்களாக வந்தது 1933, 1934இல். ஏறத்தாழ 60 ஆண்டுகள் தகவல்களை விடாமல் சேர்த்திருக்கிறார். பிள்ளையைப் பற்றி ஊரில் உலவியது ஒரே பேச்சு: தெய்வ அருளால் வெள்ளம்போலப் பாடுகிறவர். ஐயர் அதை மறுக்கவில்லை. அந்த வெள்ளம் வந்த வாய்க்காலைக் காட்டினார். எந்த ஊரார் கேட்டு எந்தத் தலபுராணம் தொடங்கியது, பிள்ளை சொல்லச் சொல்ல எந்த மாணவர் ஏட்டில் எழுதினார், எங்கே அரங்கேறியது, பெரிய கவிஞராக இருந்தும் கடன் எப்படி அவரைத் துரத்தியது என்றெல்லாம் எழுதினார். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடிய ஒருவர், பாடம் சொல்லிக்கொண்டே, பிரயாணம் செய்துகொண்டே, பிறருடைய பசியையும் பார்த்துக்கொண்டே அவற்றைப் பாடினார் என்று அறியும்போது அவர் மீது மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அந்த நூலிலிருந்து தேதி மாற்றவும் கற்றுக்கொள்ளலாம். பிள்ளை பிறந்தது பவ ஆண்டு பங்குனி 26. பவ ஆண்டு 1814 ஏப்ரலில் தொடங்குகிறது. அவசரப்பட்டு 1814 என்று எழுதினால் தவறு. பங்குனி அந்த ஆண்டின் கடைசி மாதம். ஆகவே ஆங்கிலத் தேதி 1815 ஏப்ரல் 6. அவர் மறைந்தது யுவ ஆண்டு தை மாதம். யுவ, பவத்துக்கு அடுத்த ஆண்டு. அறுபதாண்டுச் சுழற்சி தெரியாதவர் இந்த இரண்டு பெயரையும் மட்டும் பார்த்தால் குழந்தையாகவே போய்விட்டார் என்று நினைக்கலாம். ஒரு சுற்று முடிந்து வந்த யுவ அது. 1876 பிப்ரவரி 1. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த பெரும் பஞ்சாங்கத் தொகுதிகள் இந்த வேலைக்காகவே என் மேசையில் இருக்கின்றன. கிழமையும் கொடுத்திருந்தால் நல்லது. ஆண்டு, தேதி, கிழமை மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

இனி பாரதியின் கடைசி மாதங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் யானை மிதித்து இறந்தார் என்பார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. 1921இன் நடுப்பகுதியில் நடந்தது. நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்ததும் உண்மை. ஆனால் பாரதி பிழைத்துக்கொண்டார். சுதேசமித்திரன் வேலைக்குத் திரும்பினார். ஜூலை 31ஆம் தேதி ஈரோட்டில் கருங்கல்பாளையம் வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசினார். எடுத்துக்கொண்ட பொருள், மனிதனுக்கு மரணமில்லை என்பது. அந்தப் பயணத்தைப் பற்றி ஆகஸ்டில் சுதேசமித்திரனில் அவரே எழுதினார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தது; 11ஆம் தேதி நள்ளிரவு கடந்து, 12ஆம் தேதி பிறந்த பிறகு உயிர் பிரிந்தது. 39 வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

யானைக் கதையில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: அது அந்தக் கோடைக்கும் செப்டம்பருக்கும் நடுவே இருந்த வேலை நாள்களை அழித்துவிடுகிறது. உடல் நைந்த ஒருவர் ரயிலேறிப் போய்ப் பேசிவிட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து அதைக் கட்டுரையாகவும் எழுதினார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஒரு பரபரப்பான காட்சிக்காக நாம் அதைக் கைவிட்டோம். கவிஞரின் சாவு அவருடைய வாழ்க்கையை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே குறிப்பெழுதுகிறவனின் முதல் கடமை என்று நான் நம்புவது பாரதியைப் படித்துத்தான்.

அந்த நாள்களை மீட்டுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பெ. தூரன் சுதேசமித்திரன் இதழ்களில் புதைந்து கிடந்த எழுத்துகளைத் தேடி 1953இல் ‘பாரதி தமிழ்’ கொண்டுவந்தார். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக உருவாக்கிய அதே தூரன்தான். ரா.அ. பத்மநாபன் படங்களையும் சாட்சியங்களையும் திரட்டிச் ‘சித்திர பாரதி’ செய்தார். சீனி. விசுவநாதன் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டுப் பாரதியின் எழுத்துகளைக் கால வரிசைப்படுத்தினார். அது 23 தொகுதிகளாக நிறைந்தது. அந்த வரிசையில் வாசிக்கிறபோது ஒரே வாரத்தில் தலையங்கமும் பாட்டும் வேடிக்கைக் கதையும் எழுதுகிற மனிதர் வெளிப்படுகிறார். ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் 1912இல் வந்தது, இரண்டாம் பாகத்தை அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை என்பதும் தேதி வரிசையில்தான் நெஞ்சில் தைக்கிறது. ‘கண்ணன் பாட்டு’ 1917இல் நூலானதற்குப் பரலி சு. நெல்லையப்பர் என்ற இளைய நண்பர் காரணம். பதிப்பாளர் பெயரையும் குறிப்பில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். கவிதை தானாக நூலாவதில்லை.

பிழைப்பைப் பற்றியும் பிடிவாதமாக இருக்கிறேன். நம்முடைய நூல்களில் கவிஞரின் வேலை கடைசிப் பத்தியில் ஒதுங்கி நிற்கும், விருதுகள் முன்னால் நிற்கும். நான் அதை முதல் பத்திக்கே கொண்டுவருவேன். பாரதிதாசன் 1909இலிருந்து 37 ஆண்டுகள் புதுவை அரசுப் பள்ளிகளில் வாத்தியார். பிச்சமூர்த்தி கும்பகோணத்தில் வக்கீல். பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. கோயில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் ‘எழுத்து’ பத்திரிகை வந்து அவரை மீண்டும் கவிதைக்கு இழுத்தது. ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறை ஊழியர். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர். ஈழத்து மஹாகவி உருத்திரமூர்த்தி அரசு எழுத்தராகச் சேர்ந்து நிர்வாக சேவை வரைக்கும் போனவர். கல்யாண்ஜி வங்கியில் இருந்தார். தேவதச்சனுக்குக் கோவில்பட்டியில் நகைக்கடை. தங்கால் என்பது இன்றைய திருத்தங்கல் என்கிறார்கள். கோவில்பட்டிக்கு அதிகத் தூரமில்லை. பொன்னை நிறுத்துப் பார்த்த கையால் கவிதை எழுதுகிறவர்கள் அந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். பழைய முறையில் எழுதினால் கோவில்பட்டிப் பொன்வாணிகன் தேவதச்சனார் என்றுதான் வரும்.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் நடத்தினார். 1962இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்களின் 63 கவிதைகள். புதுக்கவிதைக்காரர்கள் பலருடைய அட்டை இந்த 119 இதழ்களில்தான் ஆரம்பமாகிறது. திருகோணமலையிலிருந்து தருமு சிவராம் என்ற பெயரில் எழுதிய பிரமிள் உட்பட. அதற்குப் பிந்திய சிறுபத்திரிகைகள் என்னைப் போன்றவர்களைப் படாத பாடு படுத்தும். சிலவற்றில் மாதம் இருக்கும், ஆண்டு இருக்காது. சிலவற்றில் ‘இதழ் 7’ என்று மட்டும் இருக்கும். அட்டை கிழிந்திருந்தால் உள்ளே வந்த சந்தா அறிவிப்பை, மதிப்புரை எழுதப்பட்ட நூலின் ஆண்டை, இரங்கல் குறிப்பை வைத்துக் காலத்தை நெருங்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற விளம்பரப் பலகை ஓவியர் தம் வீட்டில் காகிதங்களைச் சேர்த்து வைக்காமல் போயிருந்தால் இந்தத் தேடலில் பாதி வீணாகியிருக்கும். அவர் மறைந்த பிறகு 1994இல் அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கே நுண்படச் சுருளைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது திரையில் நாம் தேடிய பெயர் வந்து நிற்கும் நிமிஷத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் நீடிக்கிறேன் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

யாழ்ப்பாணத்துக் கவிஞர்களைப் பற்றி எழுதும்போது அந்த நிமிஷம் பல சமயம் வாய்ப்பதில்லை. 1981இல் அங்கிருந்த பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் பழைய இதழ்களும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தார் வீடு வீடாகக் கேட்டு வாங்கி ஏற்றிவரும் இதழ்களே இன்று எங்களுக்குக் கை. அங்கேயும் இல்லாத ஒன்று உண்டு. பல்கலைக்கழக மாணவியாக இருந்த சிவரமணி 1991 மே மாதம், 22 வயதில், தன்னிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஏற்கெனவே அச்சானவையும் நண்பர்களிடம் தங்கியவையும்தான் மிஞ்சின. சித்ரலேகா மௌனகுரு அவற்றைத் தொகுத்தார்.

சிவரமணிக்குக் குறிப்பு எழுத வேண்டி வந்தபோது நீண்ட நேரம் பேனாவைத் தொடவில்லை. எரித்தவரின் விருப்பத்துக்கும் வாசகரின் தேவைக்கும் நடுவே தொகுப்பாளர் நிற்க வேண்டிய இடம் கடினமானது. சித்ரலேகா செய்தது சரி என்பது என் உறுதியான எண்ணம். அச்சில் கொடுத்தவற்றைச் சிவரமணி தம் கையாலேயே உலகுக்குக் கொடுத்திருந்தார். அவற்றைக் காப்பது அத்துமீறல் ஆகாது. அழிந்தவை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதுவதுதான் அத்துமீறல். ஆகவே குறிப்பில் அவர் எங்கே படித்தார், பெண்கள் படிப்பு வட்டத்தில் என்ன செய்தார், எந்த ஆண்டுகளில் எழுதினார் என்பதை முன்னே வைத்தேன். எரித்ததை ஒரே வாக்கியத்தில் சொன்னேன். 1984இல் 33 வயதில் மறைந்த ஆத்மாநாமுக்கும் அப்படித்தான் செய்தேன்: ‘ழ’ இதழை நடத்தியது முன்னால், 1981இல் வந்த ‘காகிதத்தில் ஒரு கோடு’ அடுத்து. இருவரையும் அவர்களுடைய முடிவின் வழியாகவே அறிந்த வாசகர்கள் அதிகம். அவர்களுக்குப் பத்திரிகை நடத்திய ஆத்மாநாமையும் கூட்டத்தில் பேசிய சிவரமணியையும் காட்ட வேண்டும்.

மறைந்தவர்களின் வீட்டுக்குப் போவதும் வேலையில் ஒரு பகுதி. ஒரு கவிஞரின் மனைவி மளிகைக் கணக்கு நோட்டை எடுத்து வந்து, “இதையும் பாருங்க தம்பி, பின்பக்கமெல்லாம் அவர் கிறுக்கி வச்சிருக்கார்” என்றார். முன்பக்கம் துவரம் பருப்பு, நல்லெண்ணெய், தேதி. பின்பக்கம் நான்கு கவிதைகளின் முதல் வரைவுகள். தேதியில்லாத கவிதைக்குக் கடைக் கணக்கு தேதி கொடுத்தது. அந்த அம்மாவின் பெயரை நன்றியுரையில் அல்ல, பதிப்புக் குறிப்பிலேயே சேர்த்தேன்.

இன்று எழுதுகிறவர்களோடு சிக்கல் வேறு. கவிதை முதலில் முகநூலில் வருகிறது. மாலையில் ஒரு வரி மாறுகிறது, மறுநாள் தலைப்பு போகிறது, முந்திய வடிவம் எங்கும் இல்லை. இன்னொரு பக்கம், பாரதி எழுதாத வரிகள் பாரதி படத்தோடு வாட்ஸ்அப்பில் ஓடுகின்றன. எங்கே அச்சானது என்று கேட்டால் அனுப்பியவருக்குக் கோபம் வருகிறது. வாழும் கவிஞர்களிடம் நான் நேராகவே கேட்டுவிடுகிறேன், திரைப்படியும் எடுத்து வைக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரின் தொகுப்பு. கையெழுத்துப் படியில் ஒவ்வொரு கவிதைக்குக் கீழும் தேதியும், இரவுப் பணியா பகல் பணியா என்பதும், எந்த வார்டு என்பதும் எழுதியிருக்கிறார். இவற்றை எடுத்துவிட்டால் பக்கம் சுத்தமாக இருக்கும் என்றார் வடிவமைப்பாளர். நான் விடவில்லை, சிறிய எழுத்தில் கீழே போடலாம் என்று வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தேன். பிறகு அந்தச் செவிலியரிடம் தொலைபேசியில் சம்மதம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தேதி இருக்கட்டும் சார், நைட் டூட்டின்னும் போட்டுக்கோங்க. வார்டு நம்பரை மட்டும் எடுத்துருங்க. அங்க இருந்தவங்க வீட்டாளுங்க யாராச்சும் படிச்சா, தங்க ஆளைப் பத்தித்தான்னு கண்டுபிடிச்சிருவாங்க.” வார்டு எண்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே அடித்துவிட்டேன். மற்றவை அப்படியே அச்சுக்குப் போகின்றன.